சித்தப்பா கொடுத்த பேனாப் பெட்டி: விற்பதற்கு முன் பார்த்தவை

என் சித்தப்பா நாற்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கண் பார்வை மங்கி, கையால் எழுதுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. போன முறை பார்க்கப் போனபோது மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கறுப்புத் தோல் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே நான்கு பேனாக்களும் ஒரு பென்சிலும் இருந்தன.

"எனக்கு இனிமே இது வேண்டாம்மா. நீ வெச்சுக்கிட்டாலும் சரி, வித்தாலும் சரி. ஆனா என்னன்னு தெரியாம மட்டும் வித்துடாதே."

நான் எழுதுவதெல்லாம் விசைப்பலகையில்தான். என்னிடம் இருந்தால் இழுப்பறையில் கிடந்து காய்ந்துதான் போகும். விற்று, அந்தப் பணத்தை அவருடைய கண் சிகிச்சைக்குச் சேர்க்க முடிவு செய்தேன். அதனால் ஒரு பைசாகூட ஏமாறக் கூடாது, வாங்குபவரையும் ஏமாற்றக் கூடாது என்பதில் எனக்கு ரொம்பப் பிடிவாதம். பெட்டியில் இருந்த ஒவ்வொன்றையும் எப்படி அடையாளம் கண்டேன், மதிப்புப் போட வந்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பெரிய பேனா. கறுப்பு, சுருட்டு வடிவம், மூடியின் உச்சியில் வெள்ளை நட்சத்திரம். மான்ட் பிளாங்க் நிறுவனத்தின் பேனா என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அது நட்சத்திரம் இல்லை, அதே பெயருள்ள ஆல்ப்ஸ் மலையின் பனி மூடிய சிகரம். நிப்பின் மேல் இருக்கும் 4810 என்ற எண் அந்த மலையின் உயரமாக வழக்கத்தில் சொல்லப்படுவது, மீட்டரில். இதை வரிசை எண் என்றோ, அத்தனை பேனாக்கள்தான் செய்தார்கள் என்றோ நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. நிறுவனமே 4810 பேனாக்களோடு நிறுத்திக்கொண்ட பதிப்புகளும் இருப்பதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. 1992இல் வந்த லொரென்சோ தெ மெடிச்சி பேனா அப்படிப்பட்டது. ஆனால் அந்த மாதிரிப் பதிப்புகளில் இத்தனையில் இத்தனையாவது என்று பேனாவிலேயே பொறித்திருக்கும். நிப்பில் வெறும் 4810 இருந்தால் அது வழக்கமான பேனாதான்.

மூடியின் வளையத்தில் மைஸ்டர்ஷ்டுக் என்ற பெயர் இருந்தது. 1924 முதல் இந்த நிறுவனம் தன் உயர்ந்த வரிசைக்கு வைத்திருக்கும் பெயர். ஆனால் அந்தப் பெயரில் பல அளவுகள் உண்டு. விலையில் அவற்றுக்குள் பெரிய வித்தியாசம். மிகப் பெரியதன் மாதிரி எண் 149. அதற்கு அடுத்தது 146. அதைவிட மெலிந்தவை 144, 145. கொஞ்சம் குழம்பினேன். பேனாவின் வால் முனையில் இருந்த குமிழை மெதுவாகத் திருப்பிப் பார்த்ததும் அது சுழன்று வெளியே வந்தது. பிஸ்டன் வைத்து மை உறிஞ்சும் பேனா. மெலிந்த 144, 145 இரண்டும் (1950களின் பழைய 144 தவிர) மைக்குழாய் போடும் வகை, ஆகவே அவை இல்லை. மூடியோடு அளந்தால் பதினான்கரை சென்டிமீட்டர் சுமார். 149 இதைவிடப் பருமனாக, கையில் பிடித்தாலே தடிமனாக இருக்கும். இது 146.

வயதைச் சொன்னது கிளிப்பின் அடியில் இருந்த மெல்லிய வளையம். வெறும் கண்ணுக்கு அது ஒரு கோடு மாதிரிதான் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது மேற்கு ஜெர்மனி என்பதன் சுருக்கம் பொறித்திருந்தது. 1990இல் ஜெர்மனி ஒன்றானது. அப்படியென்றால் இந்தப் பேனா அதற்கு முந்தியது. வளையத்தில் வரிசை எண் இல்லை. எண் பொறிக்கும் வழக்கம் 1990களின் தொடக்கத்தில் வந்ததுதான். எண் இல்லையே, போலியோ என்று முதலில் பயந்தேன். எண் இல்லாததுதான் இதன் வயதுக்குப் பொருந்துகிறது என்று புரிந்ததும் நிம்மதியாக இருந்தது.

இன்னொரு சோதனையும் செய்தேன். இருட்டறையில் மூடியின் பின்னால் பிரகாசமான டார்ச்சைப் பிடித்தேன். கறுப்பு என்று நினைத்த பொருளுக்குள் ஆழமான சிவப்பு தெரிந்தது. பழைய 146, 149 பேனாக்களைச் செய்த பிசின் (ரெசின் என்னும் பிளாஸ்டிக் வகை) அப்படித்தான் ஒளியை விடும். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, ஆனால் மற்ற அடையாளங்களோடு சேரும்போது நம்பிக்கை தரும். அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா இதைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட அதற்குள் சிவப்பு இருக்கும் என்று தோன்றியதில்லை.

நிப்பில் 14கே, 585 என்று இருந்தது. 585 என்றால் ஆயிரத்தில் 585 பங்கு தங்கம், அதாவது 58.5 சதவீதம். 750 என்று இருந்தால் 18 காரட். இந்த எண்கள் எதுவும் இல்லாமல் 'இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி' என்று மட்டும் இருந்தால் அது எஃகு நிப். பெயர் தெரியாத மலிவுப் பேனாக்களிலும் போலிகளிலும் வருவது. பொன்னிறமாக இருக்கிறது என்பதற்காக ஏமாற வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு மதிப்பு: நல்ல பேனா, அரிய பேனா இல்லை. மைஸ்டர்ஷ்டுக் 146 நிறையப் பேரிடம் இருக்கிறது. ஆகவே விலையைத் தீர்மானிப்பது அரிதா என்பது இல்லை, நிலைமைதான்: பிஸ்டன் இழுக்கிறதா, மூடியின் விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, நிப்பின் இரண்டு பிரிவுகளும் சமமாக நிற்கின்றனவா, மேலே கீறல்கள் எத்தனை, பெட்டியும் தாள்களும் இருக்கின்றனவா. பிஸ்டன் விஷயத்தில் மட்டும் கவனம். இறுக்கமாக இருந்தால் பலம் கொடுத்துத் திருப்பவே கூடாது, உள்ளே ஏதாவது உடையும். அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரில் நிப்பை வைத்துப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். வெந்நீரும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். நான் தண்ணீர் இழுத்துவிட்டபோது பழைய நீல மை ஒன்பது, பத்து தடவை வந்துகொண்டே இருந்தது. ஒருமுறையும் மை ஊற்றாத பேனாவாக இருந்திருந்தால் இந்தச் சோதனையையே செய்திருக்க மாட்டேன். புத்தம் புதிதாக இருக்கும் பேனாவுக்குத் தண்ணீர்கூட ஆகாது. அந்தக் கன்னி நிலைக்குத்தான் சேகரிப்பாளர்கள் பணம் கொடுக்கிறார்கள்.

அடுத்தது அதே வெள்ளைச் சிகரத்தோடு ஒரு பால்பாயிண்ட் பேனா. பெரிய பேனாவுக்கு ஜோடி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். பெட்டியிலும் அதற்குப் பக்கத்துக் குழியில்தான் இருந்தது. லென்ஸில் வைத்ததும் மனசு கனத்தது. 146இன் சிகரம் பிசினோடு ஒட்டி, வழவழவென்று, முனைகள் உருண்டு இருந்தது. இதில் முனைகள் கூர்மையாக, உண்மையான நட்சத்திரம் மாதிரி. நடுவிலும் இல்லை, ஒரு பக்கம் தள்ளியிருந்தது. விரல் நகத்தால் தடவினால் விளிம்பு தட்டியது. மைஸ்டர்ஷ்டுக் என்று எழுதும்போது கடைசிப் பகுதியில் வரும் 'யு' எழுத்தின் மேல் ஜெர்மன் மொழிக்குரிய இரண்டு புள்ளிகள் வர வேண்டும். அதைக் காணோம். கழற்றினால் உள்ளே மரையும் பிளாஸ்டிக். வளையத்தில் வரிசை எண் மட்டும் அழகாக இருந்தது. போலி செய்கிறவர்களுக்கு எண் பொறிப்பது ஒரு வேலையே இல்லை. எண் இருந்தால் உண்மையான பேனா என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"சித்தப்பா, அந்தக் கறுப்பு பால்பாயிண்ட் யார் கொடுத்தது?"

"அதுவா. ஒரு கூட்டத்துல மேடையில கொடுத்தாங்க. ஏம்மா?"

"அது ஒரிஜினல் இல்லை சித்தப்பா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அதுலதான் நான் நிறைய எழுதினேன். நல்லாத்தான் எழுதிச்சு. அதை விக்காதே, கொண்டு வந்து கொடுத்துடு" என்றார். போலி என்று தெரிந்த பிறகு அதை விற்பதாக எனக்கும் எண்ணம் இல்லை. 'போலி' என்று எழுதி விற்றாலும், வாங்குகிறவர் அடுத்தவருக்கு அப்படியே சொல்வார் என்று என்ன உறுதி? புது ரீஃபில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன்.

பரிசாக வந்த பெட்டிகளில் இதுதான் பெரிய ஆபத்து. ஒன்று அசலாக இருந்தால் எல்லாமே அசல் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. பல வருடங்களில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஒரே பெட்டிக்குள் அடங்கியவையாக அவை இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது. சின்னச் சின்னக் கட்டங்கள் செதுக்கிய வெள்ளிப் பேனா, அம்பு வடிவக் கிளிப். பார்க்கர் 75. 1888இல் தொடங்கிய நிறுவனத்தின் 75ஆம் ஆண்டை ஒட்டி வைத்த பெயர் அது; 1960களில் வந்தது. நிப் போகும் இடத்தில், விரல் பிடிக்கும் பகுதியின் நுனியில், அளவுக்கோடுகள் போட்ட ஒரு வளையம் இருக்கிறது. எழுதுபவரின் கைக்கோணத்துக்கு ஏற்ப நிப்பைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஒரு பேனா எழுதுகிறவனின் கைக்கு வளைந்து கொடுக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. சித்தப்பாவின் பேனாவில் நிப் நேராக இல்லை, ஒரு கோடு இடது பக்கம் திரும்பியிருந்தது. அதை நான் தொடவில்லை.

மூடியில் ஸ்டெர்லிங் என்ற முத்திரை இருந்தது: 92.5 சதவீதம் வெள்ளி. தேதிக் குறியீடு எதுவும் கண்ணில் படவில்லை. பார்க்கர் நிறுவனம் 1980 முதல் தன் பேனாக்களில் தேதி எழுத்துகள் போட்டது. ஆங்கிலத்தில் 'குவாலிட்டி பென்' என்று சேர்த்து எழுதினால் பத்து எழுத்துகள்; முதல் எழுத்து 0, அடுத்தது 1 என்று வரிசையாக 9 வரை ஆண்டின் கடைசி இலக்கத்தைக் குறிக்கும். உங்கள் பார்க்கர் மூடியில் பொருள் புரியாத இரண்டு எழுத்துகள் தெரிந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சித்தப்பாவின் பேனா இந்தப் பழக்கத்துக்கு முந்தியதாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

இங்கே ஒரு தவறு செய்தேன். கட்டங்களுக்கு நடுவே கறுத்திருந்ததை அழுக்கு என்று நினைத்து, வெள்ளி துடைக்கும் துணியால் மூடியின் ஒரு ஓரத்தைத் தேய்த்துவிட்டேன். அந்தக் கறுப்புதான் கோலத்தை எடுத்துக் காட்டுவது. தேய்த்த இடம் இப்போது வெளுத்து, கட்டங்கள் தட்டையாகத் தெரிகின்றன. அந்த ஓரத்தின் படத்தையும் போட்டு, நான் செய்தது என்று எழுதித்தான் விற்பனைக்கு வைத்தேன். தயவுசெய்து எதையும் பளபளப்பாக்காதீர்கள். வாங்குபவர் வேண்டுமென்றால் செய்துகொள்வார். கீறலாவது பேனாவின் வரலாறு. பாலிஷ் அதை அழித்துவிடுகிறது.

கடைசி ஜோடி: கிராஸ் பால்பாயிண்ட், பென்சில். இரண்டும் மெலிந்த பொன்னிறக் குச்சிகள். கிராஸ் 1846இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம். செஞ்சுரி என்ற இந்த வடிவம் 1946இல் வந்தது. பணி ஓய்வு, வேலை ஆண்டு விழா என்று உலகம் முழுக்க அலுவலகங்கள் பரிசாகக் கொடுத்த பேனா இது. தங்கம் என்றே வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். மூடியில் 1/20 12 காரட் கோல்ட் ஃபில்டு என்று பொடி எழுத்தில் இருந்தது. கணக்கு எளிது. எடையில் இருபதில் ஒரு பங்கு தங்க உலோகத் தகடு, அதுவும் 12 காரட், அதாவது பாதித் தங்கம். பெருக்கினால் அந்த உலோகத்தில் சுத்தத் தங்கம் இரண்டரை சதவீதம். அடியில் பித்தளை. உருக்கிப் பிரித்தெடுக்க ஆகும் செலவுக்கு இது ஈடாகாது. மேலும் இரண்டிலும் ஒரு அலுவலகத்தின் பெயரும் சித்தப்பாவின் முதலெழுத்துகளும் பொறித்திருந்தன. எங்களுக்கு அது பெருமை. வாங்குகிறவருக்கு அது யாரோ ஒருவரின் பெயர். இந்த ஜோடியை விற்கவில்லை. என் மகள் பென்சிலை எடுத்துக்கொண்டாள். முனையைத் திருகினால் 0.9 மில்லிமீட்டர் கரிக்குச்சி வரும், வரைவதற்கு நன்றாக இருக்கிறது என்கிறாள்.

சரி, மதிப்புப் போட்டவர்களைப் பற்றி. மூன்று இடத்தில் கேட்டேன்.

முதலில் ஒரு நகைக்கடை. தங்க நிப், வெள்ளிப் பேனா என்றதும் அவர் தராசை எடுத்தார். நிப்பை உருவித் தரச் சொன்னார், உரைகல்லில் தேய்த்துப் பார்க்க. நான் பெட்டியை மூடிவிட்டேன். பேனா நிப்பில் இருக்கும் தங்கம் பெரும்பாலும் ஒரு கிராமைக்கூடத் தொடாது. உலோக விலைக்குக் கேட்டால் அவர் சொன்னது அவர் கணக்குப்படி சரி. ஆனால் அந்தத் தொகை பிறகு பேனாவுக்குக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எழுதுகோலை உலோகமாகப் பார்க்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது என்பது என் கருத்து.

இரண்டாவது, படம் அனுப்பினால் மதிப்புச் சொல்லும் ஒரு இணையச் சேவை. முன்பணம் கட்டினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. பார்க்க அழகான தாள், அகலமான விலை வரம்பு, காரணம் ஒரு வரிகூட இல்லை. எல்லாவற்றையும்விட, நான் சிகரத்தின் படத்தைப் பெரிதாக எடுத்து அனுப்பியும் பால்பாயிண்ட் பேனாவை அசல் என்றே குறித்து விலை போட்டிருந்தார்கள். அந்த விலைகள் எங்கிருந்து வந்தன என்று தேடினேன். விற்பனைக்கு வைத்திருப்பவர்கள் கேட்கும் விலைகள் அவை. கேட்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு. ஏல இணையதளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. அதைப் போட்டு, அதே மாதிரி, அதே நிப், ஏறக்குறைய அதே நிலைமையில் உள்ள பத்துப் பன்னிரண்டு பேனாக்களைப் பார்த்தாலே அந்தத் தாளைவிட நல்ல பதில் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. அந்தச் சேவையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, பேனா பழுதுபார்க்கும் ஒருவர். முழு மனதோடு பாராட்ட வேண்டியவர் இவர்தான். பேனாவைக் கையில் வாங்கும் முன் மேசையில் மெல்லிய துணி விரித்தார். 146ஐத் திறந்து நிப்பை லென்ஸில் பார்த்து, "இடது கைக்காரரா?" என்று கேட்டார். சித்தப்பா இடது கைதான். நிப்பின் நுனியில் இருக்கும் கடினமான மணி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததாம். எழுதலாம், ஆனால் வலது கைக்காரர் கையில் கொஞ்சம் கீறும், இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றார். நுனியைச் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வாங்குகிறவர் தன் கைக்கு ஏற்றபடி செய்துகொள்ளட்டும், இப்போது தேய்த்தால் மணிதான் குறையும் என்று தனக்கு வர வேண்டிய வேலையையே மறுத்தார். பார்க்கரில் நிப் ஏன் ஒரு கோடு திரும்பியிருந்தது என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவர் ஒரு பக்கத்துக்குக் கையால் குறிப்பு எழுதித் தந்தார். மாதிரி, ஏறத்தாழ எந்தக் காலம், எது அசல், எது போலி, என்னென்ன குறை என்று. விலை என்று ஒரே எண் சொல்லவில்லை. கடைக்காரருக்கு உடனே விற்றால் எவ்வளவு, காத்திருந்து நேரடியாகச் சேகரிப்பாளருக்கு விற்றால் எவ்வளவு என்று இரண்டு எண்கள். காப்பீட்டுக்கு எழுதும் மதிப்பு, புதிதாக வாங்க ஆகும் விலை என்பதால் இரண்டையும்விட அதிகமாக இருக்கும், அதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள் என்றும் சொன்னார். அந்தக் குறிப்பை விற்பனைப் படங்களோடு சேர்த்துப் போட்டேன். கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் வந்தார்கள். யாரும் பேரம் பேசி நேரம் வீணாக்கவில்லை.

பார்க்கர் நான்கு நாளில் போய்விட்டது, அந்த வெளுத்த ஓரத்தோடே. 146க்கு மூன்று வாரம் ஆனது. பழுதுபார்ப்பவர் சொன்ன இரண்டு எண்களுக்கும் நடுவே, மேல் எண்ணுக்குப் பக்கமாகக் கிடைத்தது. இணையச் சேவை போட்ட விலையில் ஏறக்குறையப் பாதி. எனக்கு அதில் வருத்தமே இல்லை. அனுப்பும் முன் தண்ணீரை முழுதாக வெளியேற்றி, நிப்பை மேல்நோக்கி நிறுத்தி ஒரு இரவு காயவிட்டு, கெட்டியான குழாய்க்குள் வைத்துத்தான் பெட்டியில் அடைத்தேன். விமானத்தில் காற்றழுத்தம் மாறும்போது உள்ளே மிச்சம் இருக்கும் மை மூடிக்குள் கசிந்துவிடும்.

146ஐ வாங்கியவர், அவரும் இடது கைக்காரர். பேனா கிடைத்ததும் ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்: இதற்கு முன்னால் என்ன மை ஊற்றினார்கள்? சித்தப்பாவிடம் கேட்டேன்.

"நீலம்தான். கறுப்பு ஒரு நாளும் ஊத்தினதில்லைன்னு எழுதிடும்மா."

அப்படியே எழுதி அனுப்பினேன்.